ஏர் ரைஃபிள் பேரல்ல (குழல்ல) பெல்லட் (ஈய குண்டு) மாட்டிக்கிச்சா, குத்தி தள்ள கம்பிய கையில எடுக்கறதுக்கு முன்னாடி இத படிங்க

போன மாசம் காவேரிப்பட்டணம் பக்கத்துல இருந்து ஒருத்தர் தன் பொண்ணோட ஏர் ரைஃபிள பெட்ஷீட்ல சுத்தி எடுத்துக்கிட்டு நம்ம லேத் பட்டறைக்கு வந்தாரு. "அண்ணா, பெல்லட் மாட்டிக்கிச்சு, சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி விட்டு தட்டினேன், இப்ப கம்பியும் உள்ள மாட்டிக்கிச்சு"ன்னாரு. மறுநாள் அந்த பொண்ணுக்கு மேட்ச். அவர் மூஞ்சிய பாத்ததும் எனக்கு என்னோட பழைய கதைதான் ஞாபகம் வந்துச்சு, ஏன்னா நாலு வருஷம் முன்னாடி என் பொண்ணு ரைஃபிள்ல நானும் இதே ஸ்போக்ஸ் கம்பிய விட்டு ஒரு சாயங்காலம் முழுக்க கஷ்டப்பட்டிருக்கேன். கிருஷ்ணகிரி, ஓசூர், தருமபுரி பக்கம் இப்ப நெறைய பசங்க 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டிக்கு சுடுறாங்க, ஆனா துப்பாக்கில சின்ன பிரச்சனைன்னா கூட பெங்களூரு போக வேண்டி இருக்கு. அதனால எனக்கு தெரிஞ்சத விவரமா எழுதுறேன். இது முழுக்க 4.5 மி.மீ, அதாவது பாயிண்ட் 177 ஏர் ரைஃபிளுக்கு மட்டும். தோட்டா போடுற துப்பாக்கிக்கு இதுல ஒண்ணுமே பொருந்தாது, அத லைசென்ஸ் வச்சிருக்கிற ஆர்மரர்கிட்டதான், அதாவது துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்கிட்டதான் கொண்டு போகணும்.

முதல்ல மாட்டிக்கிச்சுன்னு எப்படி தெரியும்னா, சத்தத்துலயே தெரியும். எப்பவும் "டப்"னு வர்ற இடத்துல "புஸ்"னு ஒரு அமுங்கின சத்தம் வரும், கார்டுல ஓட்டை இருக்காது. எலக்ட்ரானிக் டார்கெட்டா இருந்தா ஸ்கிரீன்ல ஷாட்டே விழாது. அந்த நேரத்துல பசங்க எல்லாரும் பண்றது ஒண்ணுதான், "மிஸ் ஆயிடுச்சு போல"ன்னு இன்னொரு பெல்லட்ட போட்டு அழுத்திடுவாங்க. அத மட்டும் பண்ணாதீங்க. ஒரு பெல்லட் மாட்டினா சுலபமான வேலை, ரெண்டு மூணு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நசுங்கிடுச்சுன்னா அது ஒரே ஈயக்கட்டி ஆயிடும். பின்னாடி இருந்து இன்னொண்ணு தள்ளினா முன்னாடி இருக்கிறது வெளிய போயிடும்னு சொல்றவங்க இருக்காங்க, என்கிட்ட வந்த துப்பாக்கில ஒண்ணு கூட அப்படி போகல.

மேட்ச்லயோ ரேஞ்ச்லயோ இருந்தா பேரல் முனைய டார்கெட் பக்கமே வச்சுக்கிட்டு கைய தூக்குங்க, ரேஞ்ச் ஆபீசர் வந்து சொல்ற வரைக்கும் எதையும் கழட்டாதீங்க. வீட்டுலயோ பட்டறையிலயோ பண்றீங்கன்னா முதல்ல துப்பாக்கிய செத்த துப்பாக்கியா, அதாவது சுடவே முடியாத மாதிரி மாத்தணும், அதுக்கு அப்புறம்தான் மத்த வேலை.

பிசிபி, அதாவது சிலிண்டர் காத்துல ஓடுற மேட்ச் ரைஃபிளா இருந்தா சிலிண்டர கழட்டி தனியா வைங்க. ஆனா கழட்டின உடனே காத்து தீர்ந்துடுச்சுன்னு நினைக்காதீங்க, காத்த அளவா விடுற ரெகுலேட்டருக்குள்ள கொஞ்சம் மிச்சம் இருக்கும். பெல்லட் எதுவும் போடாம, பேரல் முனைய பெல்லட் ட்ராப்ப (சுட்ட பெல்லட்ட பிடிக்கிற பெட்டிய) பாத்து வச்சுக்கிட்டு, லீவர் போட்டு ட்ரிகர ரெண்டு மூணு தடவ இழுங்க. அந்த மிச்ச காத்துலயே சில சமயம் மாட்டின பெல்லட் கிளம்பி போயிடும், அதனால முன்னாடி யாரும் நிக்க கூடாது, பாதுகாப்பு கண்ணாடி போட்டுக்கணும்.

பேரல மடிச்சு லோட் பண்ற ஸ்ப்ரிங் துப்பாக்கின்னா இன்னும் ஜாக்கிரதை வேணும். ஸ்ப்ரிங் இழுத்து நிக்குதுன்னா, பேரல நல்லா மூடிட்டு, ட்ராப் பக்கம் காட்டி ட்ரிகர இழுத்து ஸ்ப்ரிங்க விடுங்க. பேரல் மடிஞ்சு தொறந்திருக்கும்போது ட்ரிகர்ல கை பட்டுச்சுன்னா பேரல் வேகமா மேல வந்து அடிக்கும், விரல் நடுவுல இருந்தா எலும்பு போயிடும், பேரலும் வளைஞ்சிடும். நம்ம ஊர்ல கிடைக்கிற பழைய மாடல் நெறைய துப்பாக்கில இத தடுக்கிற லாக் இருக்காது. ஸ்ப்ரிங்க விட்டதுக்கு அப்புறமும் பேரல முழுசா மடிக்காதீங்க, முழுசா மடிச்சா மறுபடி ஸ்ப்ரிங் ஏறிடும். ஓட்டை தெரியற அளவுக்கு மட்டும் லேசா தொறங்க, கூட ஒரு ஆள் பேரல கெட்டியா பிடிச்சுக்கட்டும்.

அடுத்தது எங்க மாட்டியிருக்கு, எத்தனை மாட்டியிருக்குன்னு பாக்கணும். இத யாரும் பண்றதில்ல, நேரா தட்ட ஆரம்பிச்சிடுறாங்க. முனைல கண்ண வச்சு பாக்க வேணாம், ராடு போதும். ஒரு ராட (எந்த ராடுன்னு கீழ சொல்றேன்) முனை பக்கம் இருந்து மெதுவா விடுங்க, இடிச்சு நிக்கிற இடத்துல முனையோட ஒட்டி ராடு மேல இன்சுலேஷன் டேப் ஒரு சுத்து சுத்துங்க. வெளிய எடுத்து அளந்துக்கோங்க. பேரல் பின்பக்கம் தொறந்து கிடைக்குதுன்னா அங்க இருந்தும் அதே மாதிரி அளங்க. காவேரிப்பட்டணத்துக்காரர் துப்பாக்கில ஸ்போக்ஸ எடுத்ததுக்கு அப்புறம் நான் அளந்தப்ப பேரல் 420 மி.மீ, முன்னாடி 262, பின்னாடி 147. ரெண்டையும் கூட்டி 420ல கழிச்சா 11 மி.மீ அடைப்பு. ஒரு பெல்லட் நீளம் சுமாரா அஞ்சரை மி.மீ, அப்ப உள்ள ரெண்டு இருக்கு. "ஒண்ணுதான் போட்டேன்னு பொண்ணு சொல்லுச்சு"ன்னாரு. பயத்துல சொல்லியிருக்கும், திட்டாதீங்கன்னு சொல்லி அனுப்பினேன். குழந்தைங்க உண்மைய சொன்னாதான் நமக்கு வேலை சுலபம், அதுக்கு முதல்ல நாம சத்தம் போடாம இருக்கணும்.

இப்ப ஸ்போக்ஸ் கம்பி ஏன் ஆகாதுன்னு சொல்றேன், இதுதான் முக்கியம். பெல்லட்ட ஒண்ணு கையில எடுத்து பாருங்க. முன்னாடி தலை தட்டையா கெட்டியா இருக்கும், நடுவுல இடுப்பு ஒல்லியா இருக்கும், பின்பக்கம் பாவாடை மாதிரி விரிஞ்சு உள்ள வெத்தா இருக்கும். ஈயம் வேற, நகத்தால அழுத்தினாலே தடம் விழும். ஸ்போக்ஸ் 2 மி.மீ. அத பின்பக்கமா விட்டு தட்டினா அது நேரா அந்த பாவாடைக்குள்ள போய் குத்தும், ஈயம் விரிஞ்சு பேரல் சுவத்தோட இன்னும் இறுகும். நீங்க தட்ட தட்ட ஆப்பு அடிச்ச மாதிரி ஆயிடும். கம்பி தலைய துளைச்சுடுச்சுன்னா ஈயம் கம்பிய கவ்விக்கும், அப்புறம் கம்பியும் வராது. இரும்பு கம்பி பேரலுக்குள்ள இருக்கிற ரைஃப்ளிங்க, அதாவது பெல்லட்ட சுழல வைக்கிற வரிகள கீறும், முனையோட விளிம்புல பட்டு ஒரு சின்ன தட்டு விழுந்தா கூட போதும், அதுக்கு அப்புறம் எவ்வளவு நல்லா சுட்டாலும் கார்டுல ஓட்டை எல்லாம் ஒரு பக்கமா இழுக்கும். மூங்கில் குச்சி, ஊதுவத்தி குச்சி, குடை கம்பி எல்லாமே அதே கதைதான், மூங்கில் உள்ளயே உடைஞ்சு சிலாம்பு வேற நிக்கும்.

வேணுங்கிறது 4 மி.மீ பிராஸ் ராடு ஒண்ணு. ஓசூர்ல, கிருஷ்ணகிரில ஹார்டுவேர் கடைல, லேத் பட்டறைல சொன்னா கிடைக்கும். பேரல் நீளத்த விட ஒரு ஜாண் அதிகமா வெட்டிக்கோங்க. ராடோட முனைய ஃபைல் போட்டு தட்டையா ஆக்கி, விளிம்ப லேசா சரிவா தேய்ச்சு, எமரி பேப்பர்ல தேய்ச்சு பிசிறு இல்லாம பண்ணுங்க, விரல் வச்சு தடவினா சொரசொரப்பே தெரிய கூடாது. ராட டேபிள் மேல உருட்டி பாருங்க, நேரா உருளணும், வளைஞ்சிருந்தா நடுவுல பேரல் சுவர உரசும். நான் கூடவே டெல்ரின்ங்கிற கெட்டி பிளாஸ்டிக்ல ஒரு சின்ன புஷ் (நடுவுல ஓட்டை இருக்கிற வளையம்) கடைஞ்சு வச்சிருக்கேன், பேரல் முனைல தொப்பி மாதிரி உக்காரும், நடு ஓட்டை வழியா ராடு போகும், அதனால விளிம்புல படாது. உங்க ஊர் லேத்துல துப்பாக்கிய காட்டி கேளுங்க, பத்து நிமிஷ வேலை.

தட்டுறதுக்கு முன்னாடி எண்ணெய். தையல் மெஷின் ஆயில் மாதிரி லேசானது, முனை பக்கம் இருந்து மூணு நாலு சொட்டு, பேரல சாய்ச்சு அது பெல்லட் வரைக்கும் இறங்க விட்டு அரை மணி நேரம் அப்படியே வச்சிடுங்க. ஸ்ப்ரிங் துப்பாக்கில அந்த எண்ணெய் பின்னாடி பிஸ்டன் ஓடுற சிலிண்டர் பக்கம் போகவே கூடாது. பிஸ்டன் வேகமா அழுத்தும்போது காத்து சூடாகும், டீசல் இன்ஜின் மாதிரி எண்ணெய் பத்திக்கும், "டமார்"னு சத்தமும் புகையும் வரும், வாஷரும் ஸ்ப்ரிங்கும் போயிடும். அதனால பெல்லட் வந்ததுக்கு அப்புறம் பேரல காஞ்ச துணில நல்லா துடைச்சு எண்ணெய் இல்லாம பண்ணிட்டுதான் அடுத்த ஷாட். துரு எடுக்கிற ஸ்ப்ரே எல்லாம் ஸ்ப்ரிங் துப்பாக்கிக்குள்ள அடிக்காதீங்க.

இப்ப ராட முனை பக்கம் இருந்து, பெல்லட்டோட தட்டையான தலை மேல வச்சு, பின்பக்கமா தள்ளுங்க. முனைல ட்யூபோ வெயிட்டோ இருந்தா முன்னாடியே கழட்டிடுங்க. முதல்ல உள்ளங்கையால அழுத்தி பாருங்க, ஒரு பெல்லட்டுன்னா பெரும்பாலும் இதுக்கே நகர்ந்துடும். நகரலன்னா சின்ன நைலான் சுத்தி, சுத்தியோட கனத்துலயே விழுற மாதிரி தட்டுங்க, கை பலம் வேணாம். வெளிய நீட்டிட்டு இருக்கிற ராட விரலால முனை பக்கத்துலயே பிடிச்சுக்கணும், இல்லன்னா வளையும். முதல் அசைவு வரும்போது கைக்கே தெரியும், ஒரு மில்லி "சுருக்"னு போகும், அதுக்கு அப்புறம் சத்தமும் மாறும். அங்க இருந்து தட்டுறத நிறுத்திட்டு தள்ளி எடுத்துடலாம். பிசிபில பெல்லட் லோடிங் தட்டுல வந்து விழும், அங்க பேரல் வாய்ல ஒரு ஓ-ரிங் (ரப்பர் வளையம்) இருக்கும், ராடு அத குத்தாம பாத்துக்கோங்க.

வெளிய வந்த பெல்லட்ட தூக்கி போட்டுடாதீங்க, வெளிச்சத்துல வச்சு பாருங்க. பாவாடை ஒரு பக்கம் மட்டும் நசுங்கியிருந்தா லோட் பண்ணும்போதே கோணலா உக்காந்திருக்கு. ரெண்டு ஒட்டிக்கிட்டு வந்தா டபுள் லோட், பேசிக்கிட்டே லோட் பண்ற பசங்களுக்கு இது நடக்கும். பெல்லட் நல்லா இருக்கு, ரைஃப்ளிங் தடம் மட்டும் அழகா விழுந்திருக்குன்னா பெல்லட் மேல தப்பு இல்ல, பின்னாடி தள்ளுற காத்து பத்தல.

காத்து பத்தாததுக்கு காரணம் துப்பாக்கிக்கு துப்பாக்கி மாறும். பிசிபில முதல்ல மீட்டர பாருங்க, முள்ளு சிவப்புக்கு வந்திருந்தா ரொப்பிட்டு சுடுங்க, அவ்ளோதான். ஸ்ப்ரிங்ல பேரல் மூடுற இடத்துல ஒரு சீல் இருக்கும், அது தேஞ்சிருக்கும். டிஷ்யூ பேப்பர்ல ஒரு பட்டை கிழிச்சு அந்த இடுக்கு மேல போட்டு ஒரு ஷாட் சுட்டு பாருங்க, பேப்பர் துள்ளினா காத்து அங்க தப்பிக்குது, ஓ-ரிங் மாத்தினா சரி. பேப்பர் அசையல, ஆனாலும் பவர் இல்லன்னா பிஸ்டன் வாஷர். பழைய துப்பாக்கில அது தோல் வாஷர், ரொம்ப நாள் சும்மா வச்சிருந்தா காஞ்சு சுருங்கிடும். மாங்கா சீசனுக்கு மட்டும் பரண்ல இருந்து எடுக்கிற துப்பாக்கி எல்லாத்துலயும் இதுதான் வியாதி. ஸ்ப்ரிங்க கழட்டுற வேலைய மட்டும் வீட்டுல பண்ணாதீங்க, அமுக்கி வச்சிருக்கிற ஸ்ப்ரிங் பாஞ்சு வந்தா மூஞ்சிதான் போகும், அதுக்கு கிளாம்ப் வச்சிருக்கிறவங்க பண்ணட்டும்.

சில பேர் சைக்கிள் பால்ரஸ்ஸ போட்டு சுடுறாங்க, அதையும் சொல்லியாகணும். சைக்கிள் முன் சக்கரத்து பால்ரஸ் 4.76 மி.மீ, பேரல் 4.5. ஈயம்னா நசுங்கி வழி விடும், பால்ரஸ் கடினப்படுத்தின ஸ்டீல், அது பேரலதான் கீறும், இல்லன்னா வாய்லயே இறுகி நிக்கும். பெடல்ல வர்ற சின்னது 3.97, அது லூசா உருண்டு போய் எங்கயாவது பட்டு திரும்பி வரும். ஊத்தங்கரைல இருந்து வந்த ஒரு துப்பாக்கில பால்ரஸ்ஸ எடுத்துட்டேன், ஆனா ரைஃப்ளிங் போயிடுச்சு, அந்த பேரல காப்பாத்த முடியல.

பெல்லட் திரும்பி வர்றதுன்னதும் இன்னொண்ணு. பர்கூர் பக்கம் வீட்டுக்கு வீடு கிரானைட் துண்டு கிடக்கும், அதையே டார்கெட்டுக்கு பின்னாடி நிக்க வச்சு ப்ராக்டிஸ் பண்றத நானே பாத்திருக்கேன். தயவு செஞ்சு வேணாம். கல்லுல பட்ட பெல்லட் சுடுறவங்க மேலயே திரும்பி வரலாம். ஸ்டீல் ட்ராப் வைங்க, உள்ள தகடு சாய்வா இருக்கணும்.

அடுத்தது பிசிபி காத்து சிலிண்டர் விஷயம். "நேத்து 200 பார் (பார்ங்கிறது காத்து அழுத்தத்தோட அளவு) ரொப்பினேன், காலைல 190தான் இருக்கு, லீக்கு"ன்னு ஓசூர்ல இருந்து மார்கழி மாசத்துல மட்டும் நெறைய போன் வரும். மத்தியானம் ரொப்பினது காலைல 15 டிகிரி சூடு குறைஞ்சா கணக்குப்படியே சுமாரா பத்து பார் இறங்கும், அது லீக் இல்ல. ரொப்பும்போதே வேகமா ரொப்பினா சிலிண்டர் சூடாகி மீட்டர் அதிகமா காட்டும், ஆறினதும் இறங்கும். அதே நேரத்துல, அதே சூட்டுல ரெண்டு நாள் குறிச்சு பாருங்க, அப்பவும் இறங்கினாதான் சோப்பு தண்ணி எடுக்கணும். சிலிண்டர் மேல தேதி அடிச்சிருக்கும், காலாவதி ஆனத ரொப்பாதீங்க, மேட்ச்லயும் அத கவனிக்க வேண்டிய பொறுப்பு சுடுறவங்களோடதுதான்.

அப்புறம் இது உயிர் விஷயம். வெல்டிங் பட்டறைல இருக்கிற ஆக்சிஜன் சிலிண்டர்ல இருந்து ரொப்பி தர்றேன்னு யாராவது சொன்னா அங்க நிக்கவே நிக்காதீங்க. அழுத்தமான ஆக்சிஜனும் ஒரு சொட்டு கிரீஸும் சேர்ந்தா போதும், நெருப்பே வேணாம், வெடிக்கும். உள்ள போக வேண்டியது சுத்தமான காஞ்ச காத்து மட்டும்தான். பஞ்சர் கடை கம்ப்ரஸர் சுமாரா பத்து பன்னெண்டு பார்தான் தரும், அது உதவாது. ஹை பிரஷர் ஹேண்ட் பம்ப்போ, ரேஞ்ச்ல இருக்கிற கம்ப்ரஸரோதான் வழி.

எல்லாம் முடிஞ்சதும் பேரல சுத்தம் பண்ண ஒரு எளிய வழி. புல் வெட்டுற மெஷினுக்கு போடுற ஆரஞ்சு நைலான் கயிறு 2 மி.மீ, ஒரு மீட்டர் வாங்குங்க. ஒரு முனைய லைட்டர்ல காட்டி உருக்கினா சின்ன உருண்டையா ஆகும், இன்னொரு முனைய கூர்மையா வெட்டுங்க. பழைய பருத்தி பனியன் துணில ரெண்டு சென்டிமீட்டர் துண்டு வெட்டி, கூர் முனைய குத்தி உருண்டை வரைக்கும் இழுத்துட்டு, பேரல் பின்பக்கம் இருந்து விட்டு முனை வழியா ஒரே இழுப்பா இழுங்க. கறுப்பு வர்றது நிக்கிற வரைக்கும் துணிய மாத்தி மாத்தி. எங்க வீட்டுல அதே கயிறுல ஒண்ண சேஃப்டி ஃப்ளாக்காவும், அதாவது துப்பாக்கி காலின்னு காட்டுற அடையாளமாவும் வச்சிருக்கோம். ஏர் ரைஃபிளுக்கு ஃப்ளாக் பேரல் முழு நீளத்துக்கும் போகணும்னு ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேச துப்பாக்கி சுடுதல் சம்மேளனம்) விதியே இருக்கு, அதுல நமக்கும் நல்லது, ஏன்னா கயிறு அந்த பக்கம் எட்டி பாத்தா பேரல் காலின்னு அர்த்தம். என் பொண்ணு இப்ப ப்ராக்டிஸுக்கு முன்னாடியும் பின்னாடியும் கயிற விட்டு காட்டிட்டுதான் டிபன் சாப்பிட வருவா.

சாப்பாடுன்னதும், ஈயம். பெல்லட்ட தொட்ட கைய சோப்பு போட்டு கழுவாம எதையும் தொடக்கூடாது, பெல்லட்ட வாய்ல வச்சுக்கிட்டு லோட் பண்ற பழக்கம் பசங்ககிட்ட இருந்தா அன்னைக்கே நிறுத்துங்க. ட்ராப்ப சுத்தியிருக்கிற தூசிய விளக்கமாறு போட்டு பெருக்காம ஈரத்துணில துடைங்க.

துப்பாக்கிய சரி பண்ணி தாங்கன்னு கேக்குற தோப்புக்காரங்களுக்கும் ஒரு வார்த்தை. 4.5 மி.மீ, பெல்லட் வெளிய வர்ற சக்தி 20 ஜூலுக்கு உள்ள இருந்தா 2016 ஆயுத விதிப்படி லைசென்ஸ் வேணாம்ங்கிறது உண்மை, ஆனா அது மயிலையும் முயலையும் சுடுறதுக்கான அனுமதி இல்ல, 1972 வன உயிரின பாதுகாப்பு சட்டம் அத தடுக்குது. அதுக்காக கொண்டு வர்ற துப்பாக்கிய நான் பட்டறைக்குள்ளயே விடறதில்ல.

கடைசியா, ராடோ கம்பியோ உள்ள உடைஞ்சு நின்னுடுச்சுன்னா அதுக்கு மேல ஒண்ணும் பண்ணாதீங்க. ட்ரில் போட்டு துளைக்கலாம்னு ஐடியா சொல்லுவாங்க, பிட் ஒரு நூல் விலகினா பேரல் அவ்ளோதான். அப்படியே துணில சுத்தி, உள்ள என்ன இருக்கு, எந்த பக்கம் இருந்து விட்டீங்க, எத்தனை தடவ தட்டினீங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதி துப்பாக்கியோட வச்சு வேலை தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க. காவேரிப்பட்டணத்துக்காரர் துப்பாக்கில ஸ்போக்ஸ வெளிய எடுக்கவே எனக்கு ரெண்டு மணி நேரம் ஆச்சு, அப்புறம் பிராஸ் ராடுல பெல்லட் ரெண்டும் பத்து நிமிஷத்துல வந்துடுச்சு. ராத்திரி ஒம்போதரைக்கு பட்டறைக்கு பின்னாடி அஞ்சு ஷாட் போட்டு பாத்தோம், அஞ்சும் ஒரே ஓட்டைல விழுந்துச்சு, அந்த கார்ட மடிச்சு பாக்கெட்ல வச்சுக்கிட்டு கிளம்பினாரு.